சொன்னது சொன்னபடி: வழக்காறு சேகரிக்கக் கிளம்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கைப்பேசியும் ஒரு நோட்டுமாக ஊர் ஊராகப் போய்க் கதை கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சொலவடை, விடுகதை, தாலாட்டு, ஒப்பாரி, பேய்க்கதை, சகுனம் எதையும் விடுவதாக இல்லை என்கிறாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்று கேட்கிறாய். உன் தெருவிலேயே தொடங்கலாம், அதில் சிரமம் ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு வந்த பெரியவர்களே சறுக்கிய ஓர் இடம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். கேட்டதைத் திருத்தி எழுதத் துடிக்கும் கை. அதை அடக்கத் தெரிந்துகொள், மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும். உன்னைப் போல இன்னும் பலர் கிளம்பியிருப்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் கதைத் தொகுப்பின் முதல் பாகத்தை 1812இல் வெளியிட்டார்கள். மக்களிடம் கேட்டதை மாற்றாமல் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்கிறவள் அவளைப் பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொன்ன தாயும் 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். 1857இல் ஏழாம் பதிப்பு வருவதற்குள் இளையவர் வில்ஹெல்ம் பல கதைகளை மறுபடி மறுபடி இழைத்துவிட்டார். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் படிப்பது அவர் இழைத்த வடிவத்தைத்தான். பஞ்சம் முற்றினால் பெற்றவளே பிள்ளையைக் கைவிடுவாள் என்ற பயங்கரம் முதல் பதிப்பில் இருந்தது. அந்த ஒரு மாற்றத்தில் அது போயிற்று.

நமக்கும் பஞ்சக் கதை உண்டு. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பெற்றவள் கையே தள்ளியது என்பதை நம் ஜனங்கள் மறைக்கவில்லை, கும்பிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்கப் போனால் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாதே. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் ஒருத்தியிடம் கேள். நாத்தனார் வந்து தங்கிப்போகும் வீட்டு மருமகளிடமும் கேள். பசியோடு வந்தவளுக்குக் கதவைச் சாத்திய அண்ணி மூளி அலங்காரியை இரண்டு பேரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனி. எது சரியான கதை என்று தீர்ப்புச் சொல்ல உன்னை யாரும் அழைக்கவில்லை. இரண்டையும் எழுது.

திருத்தும் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மண்ணில் முத்துப்பட்டன் கதையை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வரும் கதை. பிராமணனாகப் பிறந்த பட்டன், அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போனவன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து அக்கா தங்கையைக் கண்டு மனசைப் பறிகொடுக்கிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பூணூலை அறுத்துப்போடு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறான். பட்டன் அத்தனையும் செய்து இருவரையும் கட்டிக்கொள்கிறான். பிறகு மாட்டைக் காக்கப் போய், மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு மோதிச் சாகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் பின்னால் ஒரு துண்டு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தானாம். பட்டன் செய்தது ஒரே நொடியில் ஒன்றுமில்லாமல் போகிறது, பார்த்தாயா? சாதியை உதறியவன் கதை சாதிக்குள் நடந்த கல்யாணமாகிவிட்டது. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இது இடைச்செருகல் என்று வெளிப்படையாக எழுதினார். காரையாற்றில் சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு நீ கட்டாயம் போக வேண்டும். அங்கே பட்டன் தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சன்னதியில் ஜனங்கள் காணிக்கையாகக் கட்டுவது தோல் செருப்பு. இந்த வருஷம் கட்டிய செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்திருக்கும், பட்டன்தான் மாட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறான் என்பார்கள். கதையில் யாரோ பூசி மெழுகப் பார்த்ததைக் கோயில் மறக்கவில்லை.

ஒட்டிக்கொண்ட துண்டையும் நீ பதிவுசெய்ய வேண்டும் என்றுதான் சொல்வேன். யாராவது உன்னிடம் அந்த வடிவத்தைப் பாடினால், இது தப்பு என்று குறுக்கே பேசாதே, பதிவிலிருந்து வெட்டாதே. எந்த ஊரில், யார் வீட்டு வாசலில், யாரெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது அந்த வடிவம் வந்தது என்று எழுது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். மாறிய இடத்தில்தான் அந்த ஊரின் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

வானமாமலையிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. 1964இல் வந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை எங்காவது பிடித்துப் பார். பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று பெயரோடு போட்டிருப்பார். அதற்கு முன் வந்த பெருந்தொகுப்புகளில் இதைக் காண்பது அபூர்வம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பணியில் இருந்த பெர்சிவல் 1842இல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார், பிற்பதிப்பில் அவை ஆறாயிரத்தைத் தாண்டின. ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்துத் தந்தார். அவர்கள் உழைப்பு சாதாரணமானதல்ல, இன்றும் நான் அடிக்கடி எடுத்துப் புரட்டும் புத்தகங்கள் அவை. ஆனாலும் ஒரு பழமொழியை எடுத்து, இதை யார் யாரைப் பார்த்துச் சொன்னது, சொன்னபோது கோபமா கிண்டலா என்று கேட்டால் பதில் கிடைக்காது.

பழமொழிக்கு உயிரே அங்கேதான். பாட்டி, உங்களுக்குத் தெரிந்த பழமொழியெல்லாம் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினால் அவருக்கு ஒன்றும் வராது, இரண்டு பேரும் சங்கடப்படுவீர்கள். பீடி சுற்றும் பெண்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போ. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். கண் இலையில் இருக்கும், விரல் தன்பாட்டுக்குச் சுருட்டும், வாய் ஊர்க்கதை பேசும். கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் போனவனைப் பற்றிப் பேச்சு வரும்போது சொலவடை ஒன்று வந்து விழும். மற்றவர்கள் சிரிப்பார்கள், ஒருத்தி அதற்கு மேல் இன்னொன்று போடுவாள். நீ எழுத வேண்டியது அந்தச் சொலவடையை, அதைக் கிளப்பிய பேச்சை, பதிலுக்கு வந்ததை, சிரிக்காமல் இருந்தவள் ஒருத்தி உண்டென்றால் அவளையும். சொலவடை கொச்சையாக இருக்கும், இருக்கட்டும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பாலியல் கதைகளையும் கூச்சப்படாமல் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

இப்போது பழமொழியைத் திருத்துவது ஒரு பெரிய வேலையாக நடக்கிறது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்துவிடுகிறது. ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பது தவறாம், அது ‘மண் குதிர்’, அதாவது ஆற்று நடுவே உள்ள மணல் திட்டாம். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ தவறாம், ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்பதே சரியாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் முன்னோர் கிண்டலாகப் பேசியிருக்க மாட்டார்கள், எல்லாவற்றிலும் நல்ல புத்திதான் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுகிறவர்களின் ஆசை அதில் இருக்கிறது. அய்யனார் கோயில் வாசலில் வேளார் செய்து நிறுத்திய மண் குதிரையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பழமொழியில் என்ன குறை? அத்தனை கம்பீரமாக நிற்கும் குதிரைதான், ஏறி ஆற்றில் இறங்க முடியாது. நாட்டு வைத்தியத்தால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வைத்தியரைக் குத்திப் பேசியிருக்க மாட்டார்களா? இந்தத் திருத்தங்களையும் நீ தனியாக ஒரு கோப்பில் தேதியோடு சேர்த்து வை. நம் காலத்து வழக்காறு அது. பழைய பழமொழியின் இடத்தில் மட்டும் அதை ஏற்றிவிடாதே.

கதைகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பின்லாந்தில் ஆர்னே 1910இல் தொடங்கி, தாம்சன் விரித்து, 2004இல் ஊதர் திருத்தி அமைத்தது அது. நம் பாட்டி சொன்ன கதைக்கு ருஷ்யாவில் ஒரு தங்கை இருப்பதைக் காட்ட அது உதவும். முதல் இரண்டு வருஷம் அது உனக்கு வேண்டாம். எண் கிடைத்ததும் கதை புரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும்.

ஊர்க்கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைக் கேட்காமல், பாடுகிறவர் வீட்டுக்குப் பகலில் போய்க் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து போதும் என்று இருந்துவிடாதே. அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது கதையின் எலும்பு. நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் வில்லின் மணிகளும் குடமும் உடுக்கையும் ஒன்றுசேர, தெய்வத்தின் சாவைப் பாடும் இடத்தில் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வர வேண்டும். வரத் தாமதமானால் பாட்டு அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நிற்கும், வேகம் ஏறும். வந்துவிட்டால் கதை நின்றுபோகும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுத்தில் பார்த்தால் ஒரே வரி ஏன் இத்தனை தடவை என்று தோன்றும், வெட்டத் தோன்றும். வெட்டினால் சாமி வந்த இடத்தையே வெட்டியதாகும். விடிய விடிய உட்கார், பதிவு ஓடட்டும், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்.

நம்பிக்கைகளுக்கு வருவோம். இதில்தான் படித்தவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் டண்டிஸ் இவற்றுக்கு ஓர் அமைப்பு உண்டு என்று காட்டினார்: ஒரு குறி, அதற்கு ஒரு பலன், சிலவற்றில் கூடவே ஒரு பரிகாரம். பூனை குறுக்கே போனால் போன காரியம் நடக்காது, கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பு. முதல் இரண்டை எழுதிவிட்டுக் கடைசியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கடைசியில்தான் அந்த வீட்டுக்காரர் கலக்கத்தைத் தாண்டி வேலைக்குக் கிளம்பும் வழி இருக்கிறது. கண்ணேறு கழிக்கும்போது உப்பு, மிளகாய், முச்சந்தி மண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி வராவிட்டால் கண்பட்டது உறுதி. அப்போது அங்கே இருப்பவர் முகத்தைப் பார். பிள்ளைக்கு என்ன வந்தது என்று தவித்தவளுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

ஒப்பாரி கேட்கப் போனால் வீட்டுக்குள் பாடச் சொல்லாதே. சாவு விழாத வீட்டில் அதைப் பாட மாட்டார்கள். தோட்டத்துக்கோ ஊருக்கு வெளியே மரத்தடிக்கோ வருகிறேன் என்பார்கள், கூடப் போ. வர முடியாது என்றால் விட்டுவிடு.

நம்பிக்கையை எழுதுவது ஒன்று, அதைப் போற்றுவது வேறு. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் சகுனம் ஆகாது என்பதும் ஒரு நம்பிக்கைதான். அதைக் குறிப்பில் எழுது. முன்னோர் எதையும் காரணமில்லாமல் சொல்லவில்லை என்று விளக்கம் தேடிப் போகாதே. அந்த ஊரிலேயே அப்படி ஒதுக்கப்பட்ட ஒருத்தி இருப்பாள். மறுநாள் அவளிடம் போய் உட்கார். அவளுக்கும் கதை தெரியும். ஏ.கே. ராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டைச் சொல்லி அழ ஆளில்லாமல் ஒரு விதவைத் தாய்க்கு உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. ஒருநாள் ஊருக்கு வெளியே பாழடைந்த வீட்டுக்குள் போய், ஒவ்வொரு சுவரைப் பார்த்தும் ஒவ்வொருவர் செய்ததைச் சொல்கிறாள். சொல்லச் சொல்லச் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு லேசாகிறது. சகுனம் பார்க்கிறவர்கள் சொன்னதும் இவள் சொன்னதும் ஒரே ஊரின் வழக்காறுதான். முதலாவதை மட்டும் கொண்டுவந்தால் உன் பதிவு பாதிப் பதிவு.

சில நடைமுறை விஷயங்கள். ஒலிப்பதிவுக்கு முன் சம்மதம் கேள், சம்மதம் சொன்னதும் பதிவிலேயே இருக்கட்டும். உன் கேள்விகளையும் எழுத்தில் கொண்டுவா. எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று தெரியாத பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘வந்துட்டுப் போயிருக்காவ’ என்றால் அப்படியே எழுது, ‘வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்’ ஆக்காதே. பாடுவதே பிழைப்பாக உள்ள கலைஞரிடம் போனால் அவருடைய ஒருநாள் சம்பளத்தைப் பேசிக் கொடு. பதிவின் பிரதி ஒன்று சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், பேரன் கைப்பேசிக்கு அனுப்பினாலும் போதும். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதே. போடலாம் என்றால் முதலில் அவர் பெயர், பிறகு உன் பெயர்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடும், அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில், வனத்துறையின் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள். குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்குவார்கள், ஏதாவது ஒரு குடும்பத்தோடு போனால் உனக்கும் துணை. செருப்புக் கட்ட வந்தவர்களிடம் பட்டன் கதையைக் கேள். பொம்மக்கா, திம்மக்கா யார் பெண்கள் என்று நீயாகக் கேட்காதே, அவர்களாக என்ன சொல்கிறார்கள் என்று பார். எழுதி முடித்ததும் நோட்டின் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அடித்துத் திருத்திய இடங்கள் இருந்தால் அவையும் தெரியும்படி இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்