மத்திய காப்பெடுப்புச் சேவையகம்: பாடசாலை வலையமைப்பில் தரவைப் பாதுகாத்தல்



"காப்பெடுத்தல் என்றால் என்ன?" என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் விடை எழுதிவிடுவீர்கள். "காப்புப் பிரதியை எங்கே வைப்பீர்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பீர்கள்? ஏன்?" என்று கேட்டால்தான் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். ஆகவே இப்பாடத்தில் வரைவிலக்கணத்தை விரைவாகக் கடந்து, காரணங்களில் கூடுதலாக நேரம் செலவிடுவோம்.

முதலில் நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவம். 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினி முறைமை, கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. இத்தீம்பொருள் கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. முறைமை விரைவில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் மின்னஞ்சல்களும் அவற்றுள் அடங்கும். காப்புப் பிரதி இல்லாமல் இருக்கவில்லை. வலையமைப்புடன் இணைந்திருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

சேவையகத்தை அமைத்தல்

கண்டி நகரில், மேட்டுநிலத்தில் இரண்டு கட்டடங்களாக அமைந்த ஒரு பாடசாலையைக் கருதுவோம். கணினிக் கூடத்திலும் அலுவலகத்திலுமாக 20 கணினிகள் உள்ளன. இவை ஒரே வளாகத்தினுள் இணைக்கப்பட்டிருப்பதால் இது இடத்துரி வலையமைப்பு ஆகும். (பேராதனையிலிருந்து நடத்தப்படும் 'லேர்ன்' வலையமைப்பு நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களை இணைக்கிறது, அது பரந்த பரப்பு வலையமைப்பு. வேறுபாட்டுக்கு உதாரணம் கேட்டால் இதை எழுதலாம்.)

ஒவ்வொரு கணினியிலும் ஒருவர் பென் டிரைவைச் செருகிப் பிரதி எடுப்பது நடைமுறையில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்காது. யாராவது ஒருவர் மறந்துவிடுவார். ஒரு கணினியை மட்டும் சேவையகமாக ஒதுக்கி, எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் அது தானாகவே எடுத்துக்கொள்ளுமாறு செய்வதே மத்திய காப்பெடுப்பு. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. வேகமான செயலியைவிடக் கொள்ளளவு கூடிய வன்தட்டுகளே முக்கியம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பணிசெயல் முறைமையும் 'ஆர்சிங்க்' மென்பொருளும் போதும். ஆர்சிங்க் 1996 இல் வெளிவந்தது. மாற்றமடைந்த கோப்பு முழுவதையும் அனுப்பாமல், அதில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதன் சிறப்பு.

சேவையகத்திற்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை வழங்க வேண்டும். உதாரணமாக 192.168.1.10. முகவரி நாளுக்கு நாள் மாறினால் மற்றக் கணினிகளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பின்னர் எல்லாக் கணினிகளையும் ஆளி மூலம் இணைக்க வேண்டும். முறுக்கிய சோடி வடம் ஒன்றின் உச்ச நீளம் 100 மீற்றர். இரு கட்டடங்களுக்கிடையே செப்பு வடத்தை இழுக்காமல் ஒளியியல் நார் வடத்தைப் பயன்படுத்துவது நல்லது. ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மலைநாட்டில் பிற்பகல் வேளையில் மின்னல் எப்படி வெட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செப்பு வடம் அம்மின்னோட்டத்தை ஆளிக்கும் அங்கிருந்து கணினிகளுக்கும் கொண்டு வந்துவிடும். மின்தடையின்போது வன்தட்டு பழுதடையாதிருக்க யூ.பீ.எஸ். ஒன்றும் அவசியம்.

யார் யாருடைய கோப்பை எடுப்பது? கணினிகள் தாமாகவே சேவையகத்தில் எழுதலாம். அல்லது சேவையகம் கணினிகளிடம் சென்று வாசித்து எடுக்கலாம். இரண்டாவது முறையே பாதுகாப்பானது. முதல் முறையில் ஒவ்வொரு கணினிக்கும் சேவையகத்தில் எழுதும் அனுமதி உண்டு. ஒரு கணினியில் தீம்பொருள் புகுந்தால் அந்த அனுமதியைக் கொண்டே காப்புப் பிரதியையும் அழித்துவிடும்.

எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஒவ்வொரு கணினியிலும் 4 கிகாபைற்று கோப்புகள் உள்ளன எனக் கொள்க. மொத்தம் 80 கிகாபைற்று, அதாவது 80 × 1024 = 81,920 மெகாபைற்று. வலையமைப்பின் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிற்று. இங்கேதான் வழுக்கும்! கோப்பின் அளவு பைற்றில், வேகம் பிற்றில். எனவே 8 ஆல் பெருக்க வேண்டும்: 655,360 மெகாபிற்று. 100 ஆல் வகுத்தால் அண்ணளவாக 6,554 செக்கன், ஏறத்தாழ 1 மணி 49 நிமிடம். நடைமுறையில் இதைவிடக் கூடும். செக்கனுக்கு 1000 மெகாபிற்று வேகமுள்ள ஆளியாயின் ஏறத்தாழ 11 நிமிடம். ஆகவே முதலில் மாற்ற வேண்டிய சாதனம் எது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

முழுவதையும் பிரதி எடுப்பது முழுமைக் காப்பு. கடைசியாக எடுத்த எந்தக் காப்புக்கும் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது ஏறுமானக் காப்பு. கடைசி முழுமைக் காப்பின் பின் மாறிய யாவற்றையும் எடுப்பது வேறுபாட்டுக் காப்பு. ஏறுமானம் இடத்தைச் சேமிக்கும், மீட்டெடுக்கையில் வேலை கூடும். வேறுபாடு நாளுக்கு நாள் பருக்கும், மீட்டெடுப்பது இலகு.

ஒரு பிரதி போதாது

இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை ஒருங்கே எழுதும் 'றெயிட் 1' முறையைப் பலர் காப்பெடுத்தல் என்று எழுதுகின்றனர். அது தவறு. ஒரு தட்டு பழுதடைந்தால் அது உதவும். ஆனால் புள்ளிப் பட்டியலை ஒருவர் தவறுதலாக அழித்தால் அதே கணத்தில் இரண்டு தட்டுகளிலும் அழிந்துவிடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியை நினைவில் வையுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்பதற்கு மேல்மாடி பொருந்தாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் நிகழ்ந்தன; மகாவலி பெருகிக் கம்பளை நீரில் மூழ்கியது. அப்படியொரு நாளில் கட்டடமும் சேவையகமும் ஒன்றாகவே போகும். அதே ஆண்டு செப்டெம்பரில் தென்கொரியாவின் தெஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையம் தீப்பற்றியதில், அரச ஊழியர்களின் 858 தெராபைற்று கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வெளியே பிரதி இருக்கவில்லை. நமது பாடசாலைக்கு, வாரந்தோறும் புறவன்தட்டு ஒன்றில் எழுதி, வடத்தைக் கழற்றி, வேறோர் ஊரில் பாதுகாப்பாக வைத்தாலே போதும். அதில் மாணவர் விபரங்கள் இருப்பதால் கடவுச்சொல்லிட்டு மறைகுறியாக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி நல்லதா கெட்டதா என்று எவருக்கும் தெரியாது.

மாதிரி வினா

ஞாயிறு இரவு முழுமைக் காப்பும், ஏனைய நாள்களில் இரவு ஏறுமானக் காப்பும் எடுக்கப்படுகின்றன. வியாழன் நண்பகல் அலுவலகக் கணினியின் வன்தட்டு பழுதடைகிறது. (அ) எந்தப் பிரதிகள், எந்த ஒழுங்கில் தேவை? (ஆ) எத்தரவு மீளாது? (இ) வேறுபாட்டுக் காப்பாயின் விடை (அ) எவ்வாறு மாறும்?

விடை: (அ) ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்ற ஒழுங்கில் நான்கும். (ஆ) புதன் இரவுக் காப்பின் பின், வியாழன் நண்பகல் வரை உருவாக்கிய அல்லது மாற்றிய தரவு. (இ) ஞாயிறு, புதன் ஆகிய இரண்டும் போதும்.