நின்று தின்னும் வண்டியும் ஓடித் தின்னும் வண்டியும்

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் பழமொழி. வாகனம் வாங்க எண்ணுவோர் இதனை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. புதிய வண்டி, கொட்டகையில் நின்றபடியே தேய்மானம், வட்டி, காப்பீடு என்று நம் பணத்தைத் தின்னும். பழைய வண்டி ஓடும்போது பழுதுச் செலவாகத் தின்னும். கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட ஜீப் வகை வண்டிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. இரண்டில் எதை வாங்குவது என்பதை மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் அவர்களுக்கு ஏலக்காய், மிளகு வணிகம். இடுக்கி மலையில் சிறு ஏலத்தோட்டம். கொச்சியிலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறுக்கும் போடிநாயக்கனூருக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85 அவர்களுக்குப் பழகிய பாதை. ஆனால் தோட்டத்துக்குச் செல்லும் கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறுமாக இருக்கிறது. ஆண்டுக்கு 24 நாட்கள் அங்கே செல்ல வேண்டியுள்ளது. மகன் புதிய வண்டி வேண்டும் என்கிறார். தந்தை பழைய ஜீப் ஒன்றே போதும் என்கிறார். கையில் இருப்பது, மகளின் மேற்படிப்புக்காகச் சேர்த்த வைப்புநிதி. ஆகவே இது விருப்பத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

சந்தையில் உள்ளவை

நம் நாட்டில் ஜீப்பின் வரலாறு 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்ததில் தொடங்குகிறது. 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2010இல் முதல் தலைமுறைத் தார் வெளியாயிற்று. இன்று பழைய வண்டிச் சந்தையில் பெரிதும் கைமாறுபவை இவையே. புதியவற்றுள், 2020 அக்டோபர் 2 அன்று அறிமுகமான இரண்டாம் தலைமுறைத் தார், 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னி, 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான தார் ராக்ஸ் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

ஓர் எச்சரிக்கை. தார் என்று பெயரிட்ட எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கர இயக்கம் இருப்பதில்லை. பின்சக்கர இயக்கம் மட்டும் உடைய வகை 2023 ஜனவரி முதல் விற்பனையில் உள்ளது. அது விலை குறைந்தது, சாலைக்குப் போதுமானது, சேற்றுக்குப் போதாது. தோட்டப் பாதைக்காக வாங்குவோர் முன்பதிவுப் படிவத்திலேயே இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வண்டியின் அகலத்தையும் பார்க்க வேண்டும். ஜிப்ஸியின் அகலம் ஏறத்தாழ 1.54 மீட்டர், ஜிம்னி ஏறத்தாழ 1.65 மீட்டர், புதிய தார் 1.8 மீட்டருக்கும் மேல். மூட்டை இறக்கும் லாரிகள் நிற்கும் பஜார் சாலையில் இந்த ஒரு சாண் வேறுபாட்டை அன்றாடம் உணர்வோம்.

புதிய வண்டியின் ஐந்தாண்டுக் கணக்கு

கீழே வரும் தொகைகள் கணக்கின் முறையை விளக்குவதற்காக நாம் கொண்ட ஊகங்களே. உங்கள் வண்டிக்கு உரிய விலையையும் வட்டியையும் அவற்றின் இடத்தில் இட்டுப் பாருங்கள்.

சாலைக்கு வரும்போது விலை 16 லட்சம் ரூபாய். அதில் கைப்பணம் 4 லட்சம், கடன் 12 லட்சம், வட்டி 9 விழுக்காடு, தவணைக்காலம் ஐந்தாண்டு. மாதத் தவணை 24,910 ரூபாய் வரும். ஐந்தாண்டில் செலுத்தும் வட்டி மட்டும் 2.95 லட்சம். கைப்பணம் 4 லட்சத்தை 6.5 விழுக்காட்டு வைப்பில் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தனிவட்டி 1.30 லட்சம். அதுவும் செலவே.

தேய்மானம் எல்லாவற்றிலும் பெரியது. காப்பீட்டில் வண்டியின் மதிப்பை வகுக்கும் அட்டவணை ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்று கழிக்கிறது. சந்தை விலை இதினின்று மாறலாம். ஆயினும் நிதானமான கணக்குக்கு இதனையே கொள்வோம். பாதி விலை, அதாவது 8 லட்சம், போய்விடுகிறது. காப்பீட்டுக்கு 2.50 லட்சம், பராமரிப்புக்கும் டயருக்கும் 1.25 லட்சம் என்று சேர்த்தால், எரிபொருள் நீங்கலாக ஐந்தாண்டுச் செலவு 16 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 3.20 லட்சம்.

தவணை குறைவாக இருக்கட்டும் என்று ஏழாண்டுக் கடன் எடுத்தால் மாதத் தவணை 19,307 ரூபாயாக இறங்கும். ஆனால் மொத்த வட்டி 4.22 லட்சமாக ஏறும். மாதம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் இலகுவாவதற்கு நாம் தரும் விலை 1.27 லட்சம் ரூபாய்.

பழைய வண்டியின் ஐந்தாண்டுக் கணக்கு

பன்னிரண்டு வயதான முதல் தலைமுறைத் தார் ஒன்று 5 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். இவ்வளவு வயதான வண்டிக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது. ஏனெனில் வண்டியின் வயதும் கடன் காலமும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பது கடன் வழங்குவோரின் பொது வழக்கம். ஆகவே முழுத் தொகையும் சேமிப்பிலிருந்தே வர வேண்டும். வாங்கியவுடன் டயர், பிரேக், கிளட்ச், அடிப்பகுதித் துருநீக்கம் ஆகியவற்றுக்கு 1.50 லட்சம். ஆக முதலீடு 6.50 லட்சம். அதற்கான வைப்பு வட்டி இழப்பு ஐந்தாண்டில் 2.11 லட்சம். மறுவிற்பனையில் 3 லட்சம் கிடைத்தால் மதிப்பிழப்பு 3.50 லட்சம். பழுதுபார்ப்பு ஆண்டுக்கு 70,000 வீதம் 3.50 லட்சம். காப்பீடு 75,000. பதிவுப் புதுப்பிப்பு, வரி ஆகியவற்றுக்கு 25,000. மொத்தம் 10.11 லட்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.02 லட்சம்.

கொள்முதல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வண்டி, ஆண்டுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகி விடுகிறது. பழைய வண்டி மலிவுதான். ஆனால் விலைச்சீட்டு காட்டும் அளவுக்கு மலிவன்று. மாதக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவு.

மட்டாஞ்சேரிக்கே உரிய செலவு: துரு

தந்தையின் கணக்கு பிழைபடக்கூடிய இடம் இதுவே. கடற்காற்றில் உப்பு உண்டு. ஓதம் உயரும் நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் காயல் நீர் தெருவுக்கே ஏறிவிடுகிறது. உப்பு நீரில் நனைந்து, கழுவப்படாமல் காய்ந்த இரும்பு உள்ளிருந்து அரிக்கும். ஜீப்பின் உடல் முழுவதையும் தாங்குவது சேசிஸ் என்னும் அடிச்சட்டம். வெளித்தகடு துருப்பிடித்தால் டிங்கரிங் செய்து கொள்ளலாம். அடிச்சட்டம் அரித்திருந்தால் அந்த வண்டியை வாங்காதிருப்பதே நன்று. புதிய பெயின்ட்டும் அடியில் புதிதாகப் பூசிய கருந்தாரும் கண்டால் மகிழ வேண்டாம். அதன் கீழ் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதியான இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்தது மழுங்கி ஒலிக்கும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அதற்கு முன் பதிவான வண்டியாயின், அந்த மாதத்தையொட்டிய பராமரிப்புப் பதிவையும் காப்பீட்டுக் கோரிக்கை விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள். இருக்கைக் கம்பிகளின் அடியிலும் விளக்குகளின் உள்ளும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் சொல்வது

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த கார் வகை வண்டிக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாயிற்று. இத்தகைய வண்டிகளுக்கான வரியைக் கேரள அரசும் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தியது. ஆகவே பன்னிரண்டு வயது வண்டியை வாங்குவோர் மூன்றாண்டில் இச்செலவைச் சந்திப்பர்.

பழைய ஜீப்புகளில் எஞ்சினையும் உடலையும் மாற்றியமைப்பது ஒரு பழக்கமாகவே இருந்து வந்துள்ளது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுதல் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராத வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்பும் சிக்கல். காப்பீட்டுத் தொகை பெறுவதும் சிக்கல்.

முந்தைய உரிமையாளரின் கடன் முடிந்து, சான்றிதழில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதையும் அறிய வேண்டும். அதற்கு, கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்: பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

பின்னிருக்கையில் எவர் அமர்வர்?

பணக்கணக்கில் பழைய வண்டி முந்துகிறது. ஆனால் அந்தப் பத்தாயிரம் ரூபாய் எதை வாங்கித் தருகிறது என்றும் கேட்க வேண்டும். புதிய கார்களில் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநர்க் காற்றுப்பையும் 2019இல் கட்டாயமாயின. முதல் தலைமுறைத் தார்களில் பெரும்பாலானவற்றில் இவ்விரண்டும் இல்லை. பின்னிருக்கைகள் பக்கவாட்டில் முகம் பார்த்து அமைந்தவை. இரண்டாம் தலைமுறைத் தாரோ 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்க்கும் குழந்தைக்குமான பாதுகாப்பில் நான்கு விண்மீன்கள் பெற்றது. நேரியமங்கலத்துக்கு மேலே மழையில் வளைந்தேறும் சாலையில், பின்னே மனைவி மக்கள் அமர்ந்திருக்கும்போது, இது அட்டவணையில் அடங்காத வரவு.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இதுதான். வண்டி தோட்டத்து ஆட்களையும் மூட்டைகளையும் மெதுவாகச் சுமக்க மட்டுமே என்றால், அடிச்சட்டம் உறுதியான பழைய ஜீப் போதும். மலையூர்ப் பட்டறைகளில் அதன் பழுதைத் தீர்ப்போர் உண்டு. குடும்பமே நெடுஞ்சாலையில் அதில் செல்லும் என்றால், காற்றுப்பை இல்லாத வண்டியை மலிவென்று கருத வேண்டாம்.

இவ்விரண்டுக்கும் இடையே, மூன்று நான்கு வயதான இரண்டாம் தலைமுறை வண்டி என்னும் வழியும் உண்டு. தொடக்கத் தேய்மானத்தை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். பாதுகாப்புச் சாதனங்கள் இருக்கும். பழைய கார்க் கடனும் கிடைக்கும். எனினும் இவ்வகை வண்டிகளின் மறுவிற்பனை விலை எளிதில் இறங்குவதில்லை. புதிய வண்டியின் விலையோடும் கடன் வட்டியோடும் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வகுத்தல் கணக்கு. ஆண்டுச் செலவு 3.20 லட்சத்தை 24 தோட்ட நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 13,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. பழைய வண்டிக்கும் 8,400 ரூபாய் ஆகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, ஜீப் இந்த 24 நாட்களுக்கு மட்டுமே வேண்டும் என்றால், காரில் மலையடிவாரம் வரை சென்று அங்கே ஜீப்பை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்வோர் அவ்வாறுதான் செல்கின்றனர்.

எதைத் தேர்ந்தாலும், மகளின் படிப்புக்கென வைத்த வைப்புநிதியை முதிர்வுக்கு முன் உடைக்காதீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு நாள் உண்டு. வண்டி அடுத்த ஆண்டும் கிடைக்கும்.