புகழ்ப் படைப்பும் படைப்பாளியின் மனமும்

தோற்றுவாய்

கலைஞன் ஒருவன் வாழ்நாளெல்லாம் உழைத்துப் பல படைப்புகளை உலகிற்கு அளிக்கின்றான். அவற்றுள் ஒன்றை மட்டும் உலகம் எடுத்துப் போற்றுகின்றது. அவ்வாறு போற்றப்பட்ட படைப்பே அவனுக்கு உவப்பற்றதாக அமைந்துவிடுவதும் உண்டு. மேலைநாட்டு இசை வரலாற்றிலும் திரைப்பட வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் பலவாகக் கிடைக்கின்றன. அவற்றை வியப்புக்குரிய துணுக்குச் செய்திகளாகக் கூறிக் கடந்து செல்வதே பெருவழக்கு. திறனாய்வு பயிலும் நாம் அங்ஙனம் கடந்து செல்லுதல் தகாது. ஒரு படைப்பின் மதிப்பைத் துணியும் உரிமை படைத்தவனுக்கு உரியதா, சுவைப்பவனுக்கு உரியதா என்னும் வினா இச்செய்திகளுள் பொதிந்து கிடக்கின்றது. நான்கு கலைஞர்களின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இளமைப் படைப்பின் நிழல்

உருசிய நாட்டு இசைமேதை செர்கெய் ராக்மானினாஃப் (1873-1943) மாஸ்கோ இசைக்கல்லூரியில் பயின்று வெளியேறிய 1892ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் அகவையில், பியானோவிற்கென ஒரு சிறு இசைப்பாடலை அமைத்தார். 'சி ஷார்ப் மைனர்' என்னும் சுரநிலையில் அமைந்த அந்த முன்னிசை ஐந்து நிமிட அளவிற்கும் குறைந்தது. பதிப்பாளர் அதற்கு அளித்த தொகை 40 ரூபிள். உருசியா அக்காலத்தில் பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராதிருந்தமையால், பிறநாட்டார் அதனைத் தடையின்றி அச்சிட்டு விற்றனர். பாட்டு உலகெங்கும் பரவியது. பாடலாசிரியருக்குப் பொருள் வரவில்லை.

பொருளிழப்பினும் பெரிதாக அவரை வருத்தியது பிறிதொன்று. எந்த நகரில் மேடையேறினாலும், நிகழ்ச்சியின் இறுதியில் அவையோர் அந்த ஒன்றையே கேட்டு ஆரவாரித்தனர். அவர் 1903இல் பத்து முன்னிசைகளையும், 1910இல் பதின்மூன்று முன்னிசைகளையும் இயற்றி, முதலாவதோடு சேர்த்து இருபத்து நான்காக நிறைவு செய்தார். பிந்தியவை முந்தியதினும் சிறந்தவை என்பது தம் கருத்து எனவும், மக்கள் அக்கருத்தை ஏற்க முன்வரவில்லை எனவும் 1910இல் அமெரிக்க இதழொன்றில் எழுதினார். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் நாட்டையும் உடைமையையும் இழந்து, கச்சேரி வருவாயைக் கொண்டே குடும்பம் பேண வேண்டிய நிலை எய்தியபோது, விரும்பினும் விரும்பாவிடினும் அதனை வாசித்தே தீரவேண்டியவரானார். அவர் வெறுத்தது அப்பாடலை அன்று. அப்பாடல் ஏனைய பாடல்களை மறைத்து நின்ற நிலையையே என்பது நமக்குப் புலனாகின்றது.

வேண்டுகோளுக்காகப் பிறந்தது

சைக்கோவ்ஸ்கியின் '1812' என்னும் இசைப்படைப்பு வேறு வகையினது. நெப்போலியனின் படையெடுப்பை உருசியா முறியடித்த நிகழ்ச்சியைப் போற்றும் அப்படைப்பை, விழாத் தேவை ஒன்றை முன்னிட்டு வந்த வேண்டுகோளுக்கு இணங்கி அவர் 1880இல் இயற்றினார். பீரங்கி முழக்கமும் ஆலய மணியோசையும் அதில் இடம்பெற்றன. அது பெருமுழக்கம் உடையது என்றும், அன்பும் கனிவும் இன்றி எழுதப்பட்டமையால் கலைமதிப்பு அற்றதாகவே இருக்கும் என்றும் தம் புரவலரான வான் மெக் அம்மையாருக்கு மடலில் எழுதினார். அதே காலத்தில் நரம்பிசைக் கருவிகளுக்கென அவர் அமைத்த 'செரினேட்' உள்ளத்தின் உந்துதலால் பிறந்தது எனவும் அம்மடலிலேயே குறித்தார். உலகம் இரண்டினையும் ஏற்றுக்கொண்டது; எனினும் வெடிமுழக்கம் சேர்ந்த விழாக்களில் இன்றும் ஒலிப்பது '1812' ஆகும். இங்கே படைப்பாளியின் மனக்குறை, படைப்பின் பிறப்பைச் சார்ந்தது எனலாம்.

சோதனையும் வெற்றியும்

பிரெஞ்சு நாட்டு இசையறிஞர் மாரிஸ் ரவேலின் 'பொலேரோ', நடனக் கலைஞர் ஐடா ரூபின்ஸ்டைனின் வேண்டுகோளால் பிறந்து, 1928 நவம்பரில் பாரிஸில் அரங்கேறியது. சிறுமுரசு ஒரே தாளக்கட்டைத் தொடக்கம் முதல் மீண்டும் மீண்டும் ஒலிக்க, இரண்டு மெட்டுகள் மாறிமாறி வர, கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒலி படிப்படியாகப் பெருகி, கால்மணி நேரத்தில் பேரொலியாய் முடிவது அதன் அமைப்பு. வேறுபாடும் வளர்ச்சியும் புத்தாக்கமும் அதில் இல்லை என்றும், அது இசையில்லாத வெறும் வாத்தியக் கோவை என்றும் ரவேல் தாமே 1931இல் ஒரு நேர்காணலில் விளக்கினார். தம் நுண்ணிய படைப்புகள் பல இருக்க, இந்தச் சோதனை முயற்சியே தம் பெயராக நிலைபெற்றதில் அவர் நாணமுற்றார் எனினும் பொருந்தும்.

ஆயினும் மற்றொரு நிகழ்ச்சியை நாம் மறத்தல் ஆகாது. 1930இல் புகழ்பெற்ற இசை நடத்துநர் தோஸ்கானினி பாரிஸில் இதனை விரைந்த நடையில் நடத்தியபோது, ரவேல் அதனை மறுத்தார். தாம் வகுத்த நடை காக்கப்படல் வேண்டும் என வற்புறுத்தினார். இசையே இல்லை என ஒதுக்கிய ஒன்றன் நடைக்காக அவர் ஏன் வாதிட வேண்டும்? அதனை அவர் முற்றும் துறந்துவிடவில்லை என்பதே விடை. படைப்பாளியின் வெறுப்பு மொழிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நடிகரும் வேடமும்

இசையமைப்பாளர் தம் படைப்பைத் தாமே ஆக்குகின்றனர். நடிகரோ பிறர் எழுதிய வேடத்தை ஏற்பவர். கனடா நாட்டு நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மர் (1929-2021) ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்தவர். 1965இல் வெளிவந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கேப்டன் வான் டிராப் வேடம் ஏற்றார். சிறந்த படத்திற்கான விருது உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை அப்படம் பெற்றது. அவரோ அதனை மிகை இனிப்புடைய படம் எனப் பல்லாண்டு எள்ளி வந்தார். எங்குச் சென்றாலும் மக்கள் அவரை அந்தக் கேப்டனாகவே கண்டனர். பிற்காலத்தில், சிறுவர் கூடிய விருந்தொன்றில் அப்படத்தை மீளக் கண்டபோது தம் மனம் நெகிழ்ந்ததை 2008இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். குழந்தைகளின் கண்வழியே தம் படைப்பைக் கண்டபின்னரே அவர் அதனோடு உடன்பாடு கொண்டார் என்பது எண்ணத்தக்கது.

உரிமை யாருக்கு?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். அமெரிக்கத் திறனாய்வாளர்களான விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதிய கட்டுரையில், ஆசிரியனின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை மதிப்பிடுதல் வழுவாகும் என நிறுவ முயன்றனர். அவ்வழி நோக்கின், சைக்கோவ்ஸ்கி கனிவின்றி எழுதினாரா என்பது நமக்கு வேண்டாத செய்தி. '1812' நம் செவியில் என்ன செய்கிறது என்பதே வேண்டுவது. இக்கொள்கையில் உண்மை உண்டு. எழுதியவன் விலக்கியதாலேயே ஒரு பாடல் தாழ்ந்துவிடாது.

எனினும் இக்கொள்கையை முற்றாக ஏற்பின் ஓர் இழப்பு நேர்கின்றது. ராக்மானினாஃப் 'பிந்தியவை சிறந்தவை' என்று கூறியது வெறும் மனத்தாங்கல் அன்று. தொழிலின் உள்ளிருந்து பேசும் ஒருவரது கணிப்பு அது. எந்த இடத்தில் தாம் எளிதாகக் கடந்தோம், எந்த இடத்தில் அரிதாக வென்றோம் என்பதை ஆக்கியவரே நன்கறிவர். ஆகவே படைப்பாளியின் சொல் தீர்ப்பு ஆகாது. ஆயின் அது தள்ளத்தகாத சாட்சியம் ஆகும். புகழும் அத்தகைய சாட்சியமே. இரண்டையும் கேட்டபின் படைப்பை நேரில் அணுகி முடிவு காண்பதே திறனாய்வாளன் கடமை.

நாம் கொள்ளத்தக்கன

மாணவர்கள் இவற்றால் கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது, சுவைப்போர்க்கு உரியது. ஒரு கவிஞரை ஒரே பாடலாலும், ஒரு புதின ஆசிரியரை ஒரே கதையாலும் அறிந்து அமைதல் நம்மிடையே பெருகியுள்ளது. தேர்விற்கு அது போதுமாயினும் கல்விக்குப் போதாது. புகழ்பெற்ற ஒன்றைப் படித்தபின் அதே ஆசிரியரின் புகழ்பெறாத ஒன்றையேனும் தேடிப் படித்தல் வேண்டும். இருபத்து நான்கு முன்னிசைகளுள் ஒன்றை மட்டுமே மீண்டும் மீண்டும் கேட்ட அவையினர், கண்ணெதிரே இருந்த இருபத்து மூன்றை இழந்தனர் அன்றோ?

இரண்டாவது, படைப்போர்க்கு உரியது. இம்மலரில் எழுதும் இளைஞர் சிலர் நாளை பெயர் பெறுவர். தாம் எளிதென எண்ணிய ஒன்றால் அப்பெயர் வருமாயின், அதனைப் போற்றியோரை இகழ்தல் வேண்டா; அதனையே மீண்டும் மீண்டும் செய்து அமைதலும் வேண்டா. ராக்மானினாஃப் மேடையில் அவையோர் கேட்டதை வாசித்தார். எனினும் எழுதுவதில் தம் வழியே சென்றார். பழைய பாடலுக்கான கைதட்டலை ஏற்றுக்கொண்டு, புதிய பாடலுக்கான உழைப்பை விடாது தொடர்ந்த அந்நெறியே நம் மாணவர்க்கும் உரிய நெறியாகும்.