தனியே செல்வோர்க்கான நலவாழ்வு முகாம்: தேர்வு குறித்து ஒரு வழிகாட்டி

கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் இருப்போரும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞரும், உற்றார் நண்பர் எவரும் உடன்வராமல், முன்பின் அறியாத பத்து இருபது பேரோடு சில நாள்கள் ஓரிடத்தில் தங்கி, யோகமும் தியானமும் பயின்று திரும்பும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. ரிட்ரீட் என்று பேச்சில் வழங்கும் இத்தகைய தங்கலை இக்கட்டுரை நலவாழ்வு முகாம் என்று குறிக்கிறது. செல்வது நன்றா தீதா என்பது இங்கே ஆராயப்படவில்லை; செல்வதென்று முடிவான பின் எங்கே செல்வது என்பதில் நேரும் பிழைகளே இவ்வழிகாட்டி எழுதப்படக் காரணம். மாணவர் சிலர் இன்ஸ்டாகிராமில் கண்ட கங்கைக்கரைப் படங்களை நம்பி இடத்தைத் தேர்கின்றனர். வேறு சிலரை, தேர்விலோ வேலைக்கான நேர்காணலிலோ தோற்றுச் சோர்ந்திருக்கும் வேளையில், பெற்றோரே பணம் கட்டி அனுப்பிவைக்கின்றனர். செல்பவரின் உடலும் மனமும் எதைத் தாங்கும் என்ற கேள்வி இரு திறத்தாரிடமும் எழுவதில்லை.

கடற்கரை விடுதிகளும் மலைவாழிட விடுதிகளும் நடத்தும் வாரக்கடைசி முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல உணவும் உறக்கமும் அங்கே கிடைக்கும். இருவர் ஓர் அறையில் தங்குவதாகக் கொண்டே தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவிக்கப்படுவதால், தனியறை வேண்டுவோர் கூடுதலாகக் கட்ட நேரும் என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

மருத்துவத்தை அடிப்படையாகக் கொண்டவை அடுத்த வகை. கேரளத்து ஆயுர்வேத நிலையங்களில் அளிக்கப்படும் பஞ்சகர்மம் என்பது வமனம் என்னும் வாந்தி, விரேசனம் என்னும் பேதி, குதவழி மருந்தேற்றும் வஸ்தி, மூக்குவழி மருந்திடும் நசியம், குருதிநீக்கம் ஆகிய ஐந்து முறைகளால் உடலைச் சீர்செய்யும் சிகிச்சையாகும். 1902-இல் பி. எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை போன்ற இடங்களில் இதை வைத்தியர் நாடிபார்த்து, நோயறிந்து, பத்தியம் விதித்தே செய்வர். சிகிச்சை நடந்த நாள்களுக்கு ஈடான நாள்களைப் பின்னர் ஓய்விலும் பத்தியத்திலும் கழிக்க வேண்டும் என்பது கேரள மரபு. ஆதலால் திங்கட்கிழமை வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ திரும்ப வேண்டியவர் இதை விடுமுறைப் பயணமாக எண்ணுவது தகாது. நெய் குடித்துப் பேதியாகும் நாளில் அருகே ஓர் ஆள் இல்லாமல் இருப்பதும் எளிதன்று. இயற்கை மருத்துவம் இதைக் காட்டிலும் மென்மையானது. காந்தியடிகள் 1946-இல் புனேக்கு அருகே உருளி காஞ்சனில் தொடங்கிய ஆசிரமம், மண்பட்டி, நீர்ச்சிகிச்சை, உணவுமுறை ஆகிய எளிய வழிகளை நாட்டில் பரப்பியது. எனினும் நீண்ட உண்ணாநோன்பு உள்ள முகாமாயின், ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா என்று கேட்டறிந்த பின்னரே சேர வேண்டும்.

மௌன முகாம்களில் பலரும் அறிந்தது விபஸ்ஸனா தியானம். பர்மாவில் பிறந்து, சயாஜி ஊ பா கின்னிடம் பயின்று, 1969-இல் இந்தியாவுக்கு வந்த எஸ். என். கோயங்கா பரப்பிய இம்முறையில், பயிற்சி பத்து நாள் நடைபெறும். காலை நான்கு மணிக்கு மணி ஒலிக்கும். நாள்தோறும் ஏறத்தாழப் பத்து மணிநேரம் அமர வேண்டும். பேச்சு, கைபேசி, படிப்பு, எழுத்து ஆகிய யாவும் விலக்கப்படும். கட்டணம் கிடையாது; முன்பு பயின்றவர்களின் கொடையாலேயே செலவு நடக்கிறது. தனியே செல்வோர்க்கு இது ஒருவகையில் மிகப் பொருத்தமானது, ஏனெனில் அங்கே எல்லோரும் தனியர். நட்புப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் வட்டமாக அமர்ந்து மனத்தைத் திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை பெறுபவர் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். தோல்வியால் உடைந்திருக்கும் பிள்ளையைப் பத்து நாள் மௌனத்தில் விட்டால் தெளிந்துவிடும் என்று பெற்றோர் எண்ணுவது ஆபத்தான எண்ணம்.

இவையனைத்தினும் மிகுதியாகப் புகழப்படுவதும், ஓய்வு நாடித் தனியே செல்பவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் ரிஷிகேசத்தில் அளிக்கப்படும் இருநூறு மணிநேர யோக ஆசிரியர் பயிற்சியே என்பது இக்கட்டுரையின் துணிபு. ரிஷிகேசத்தின் பெருமையில் ஐயமில்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர் 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியது அங்கேதான். 1968-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியதால் உலகின் பார்வை அவ்வூர்மீது விழுந்தது. இன்று தபோவனம், லட்சுமண் ஜூலா பகுதிகளில் தெருவுக்குத் தெரு காணப்படும் பயிற்சிப் பள்ளிகள் அப்பெருமையின் நிழலில் வாழ்வன.

இருநூறு மணிநேரம் என்ற அளவை உலகெங்கும் வழக்காக்கியது, 1999-இல் அமெரிக்காவில் உருவான யோகா அலையன்ஸ் என்னும் சங்கம். அது பள்ளிகளின் பாடத்திட்டத்தைப் பார்த்துப் பதிவுசெய்கிறது. பயின்று வெளிவரும் ஒவ்வொருவரையும் தானே அழைத்துத் தேர்வு நடத்துவதில்லை. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் இயங்கும் யோகச் சான்றளிப்பு வாரியத்தின் தேர்வு இதனின் வேறானது. ஆகவே ஒரு மாதத்தில் கிடைக்கும் காகிதம் அரசு உரிமமுமன்று, தேர்ச்சிக்குச் சான்றுமன்று. அந்த இருநூறு மணிநேரத்தை ஞாயிறு நீங்கலாக இருபத்திரண்டு நாள்களில் அடக்கினால் நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் ஆகிறது. விடியலில் பிராணாயாமம், மூக்கில் நீர்விட்டுக் கழுவும் ஜலநேதி, இருவேளை ஆசன வகுப்பு, உடற்கூற்றியல், யோக சூத்திரப் பாடம், மாலையில் சக மாணவர்க்குக் கற்பித்துக் காட்டும் பயிற்சி என்று நிரல் நிறைந்திருக்கும் இடத்தில், ஓய்வுக்கென வந்தவர் மேலும் களைத்தே திரும்புவார். ஆறு மாதம்கூட ஆசனம் பழகாத உடல் நாள்தோறும் மூன்று மணிநேரம் வளைக்கப்படும்போது மணிக்கட்டும் முழங்காலும் தொடைப் பின்தசையும் நோவெடுக்கும். கட்டிய பணம் திரும்பாது என்பதால் அந்நோவை மறைத்துக்கொண்டு தொடர்வோரே பலர். உடன் வந்த தோழியோ அண்ணனோ இருந்தால் இன்று ஒருநாள் படுத்துக்கொள் என்று சொல்லியிருப்பர்; தனியே வந்தவருக்குக் குழுவின் வேகமே அளவுகோலாகிவிடுகிறது.

இத்தனை இருந்தும் இது நாடப்படுவதற்குக் காரணம் சான்றிதழ். சும்மா போய்விட்டு வருவதைவிட ஒரு சான்றிதழாவது வரட்டுமே என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களில் தட்டச்சு வகுப்புக் காலத்திலிருந்தே கேட்டுவருவது. அதில் பிள்ளைமீதுள்ள அக்கறையும் உண்டு. ஆயினும் நூறு ஆண்டு வாழ்ந்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் மாணவர் ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப வெவ்வேறாகவே கற்பித்தார். அவ்வழியில் அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். அம்மரபை அருகிருந்து கண்டவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் பழகிய பின்னும் கற்பிக்கத் தயங்கும் ஆசிரியரே மனத்தில் உயர்ந்து நிற்பார். மெய்யாகவே ஆசிரியராக விரும்புவோர் உள்ளூரில் ஒருவரிடம் ஈராண்டு பயின்று, அதன் பின் ரிஷிகேசமோ, 1924 முதல் இயங்கும் லோணாவ்ளாவின் கைவல்யதாமமோ செல்லலாம். அப்போது அப்பயிற்சி பொருளுடையதாகும்.

முதன்முறையாகத் தனியே செல்வோர்க்கு இக்கட்டுரை பரிந்துரைப்பவை இரண்டு. அவை அனைவர்க்கும் பொருந்துமா என்ற கேள்வி இருந்தாலும் பரிந்துரை மாறாது. திருவனந்தபுரத்துக்கு அருகே நெய்யாறு அணையில், சிவானந்தரின் மாணவரான விஷ்ணுதேவானந்தர் 1978-இல் தொடங்கிய ஆசிரமத்தில் இரண்டு வார யோக விடுமுறை நடைபெறுகிறது. காலை ஆறு மணிக்குச் சத்சங்கம், இருவேளை ஆசன வகுப்பு, இருவேளை உணவு, நாள்தோறும் சிறிது பொதுவேலை என்பதே அங்குள்ள நிரல். பாத்திரம் துலக்கும்போதும் முற்றம் பெருக்கும்போதும் அருகிலிருப்பவரோடு பழக்கம் தானே ஏற்படுகிறது. மற்றொன்று திருவண்ணாமலை ரமணாசிரமம். அங்கே முகாமும் இல்லை, கட்டணமும் இல்லை. முன்கூட்டி எழுதி இடம் கேட்டால் இரண்டு மூன்று நாள் தங்கலாம். இலையில் இட்ட சோற்றை வரிசையில் அமர்ந்து உண்பதும், மாலையில் பாராயணம் கேட்பதும், ஆசிரமத்தின் பின்புறமிருந்து ஏறும் பாதையில் கந்தாசிரமம்வரை நடப்பதும் ஒரு நாளுக்குப் போதும். பௌர்ணமியையும் கார்த்திகைத் தீபத்தையும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்தல் நலம்.

எந்த இடமாயினும் சேருமுன் சில செய்திகளைத் தொலைபேசியில் கேட்டறிவது தேவை: ஆசிரியர் யார், குழுவில் எத்தனை பேர், அறையைப் பகிர்வது யாரோடு, மருத்துவமனை எவ்வளவு தொலைவு, இடையில் புறப்பட்டால் பணம் எவ்வளவு திரும்பும். பெண்கள் இரவில் சென்றிறங்காதவாறு பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிலையம் எவ்வளவு புகழுடையதாயினும் விட்டுவிடத்தக்கதே.

பேச்சால் ஆறுதல் பெறும் இயல்பினர் மௌனத்தில் வாடுவர். கூட்டத்தில் களைப்பவர் குழுவிளையாட்டும் பகிர்வு வட்டமும் மிகுந்த முகாமில் வாடுவர். எனவே தம் இயல்பை அறியாத இளைஞர், வீட்டிலேயே ஒரு மாதம் நாள்தோறும் அரைமணி நேரம் கைபேசியின்றி அமர்ந்து பார்த்த பின்னரே இடத்தைத் தேட வேண்டும். அந்த அரைமணியே தாங்கவில்லையெனின் பத்து நாளுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று பொறுத்திருப்பதில் இழுக்கொன்றும் இல்லை. பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள்: திரும்பி வரும் பிள்ளையிடம் என்ன வாங்கிவந்தாய் என்று கேளாமல், நன்றாகத் தூங்கினாயா, நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.