புனித சின்னப்பர் கொரிந்துக்கு வந்தது எந்த ஆண்டில்?



நற்செய்தி நூல்கள் யாவும் கிறிஸ்து நாதருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், கொன்ஸ்தந்தீன் மன்னனின் கட்டளைப்படி எழுதப்பட்டவை என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்வோர் உண்டு. பிள்ளை அதைக் கேட்டுவந்து இராச் சாப்பாட்டு வேளையில் எங்களிடம் கேட்கிறது. "வேதத்தைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டினால், எங்களிடம் பதில் இல்லை என்றே அது எண்ணிக்கொள்ளும். பதில் உண்டு, அதைப் பெற்றோரே சொல்லலாம்.

கொன்ஸ்தந்தீன் கதைக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. 325-ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய சங்கம் ஆரியுஸின் போதனையை ஆராய்ந்து விசுவாச அறிக்கையை வகுத்தது. நற்செய்தி நூல்களை அது எழுதவுமில்லை, தெரிவு செய்யவுமில்லை. ஏறக்குறைய 180-ஆம் ஆண்டிலேயே லியோன் நகர் ஆயர் புனித இரேனேயுஸ், நற்செய்திகள் நான்கே என்று வாதாடி எழுதியிருக்கிறார். இல்லாத நூல்களுக்காக எவரும் வாதாடுவதில்லை.

ஆனால் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும்: "அப்படியானால் எப்போது எழுதினார்கள்? அது எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. புதிய ஏற்பாட்டு நூல் எதிலும் அதை எழுதிய ஆண்டு குறிக்கப்படவில்லை. அக்கால வழக்கம் வேறு. எங்கள் அப்பாச்சிமாரிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால், இன்ன சுவாமியார் பங்கில் இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பார்கள். அந்தச் சுவாமியார் பங்கில் இருந்த காலத்தைப் பதிவேட்டில் பார்த்தால் அப்பாச்சியின் வயதும் தெரிந்துவிடும். வேதநூல் அறிஞர்கள் செய்வதும் பெரும்பாலும் இதுதான்.

அப்போஸ்தலர் பணி 18-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புனித சின்னப்பர் (புதிய மொழிபெயர்ப்பில் பவுல்) கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதிக்கிறார். அங்குள்ள யூதர் அவரைப் பிடித்து அக்காயா நாட்டின் உரோமை ஆளுநர் கல்லியோவின் நீதி இருக்கைமுன் நிறுத்துகிறார்கள். இது உங்கள் மதச் சட்டம் பற்றிய பிணக்கு, எனக்கு இதில் வேலையில்லை என்று கல்லியோ அவர்களைத் துரத்திவிடுகிறான். இந்தக் கல்லியோதான் எங்கள் பதிவேட்டுச் சுவாமியார். இவன் தத்துவ ஞானி செனேக்காவின் சகோதரன். அக்காயாவில் இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டதென்றும், அந்த இடமே ஒத்துக்கொள்ளவில்லை என்று உடனே கப்பல் ஏறினானென்றும் செனேக்கா ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவனும் எங்களைப் போல் ஒரு மனிதன்!

கிரேக்க நாட்டில் டெல்பி என்ற பழைய கோயில் நகரை அகழ்ந்தபோது, எழுத்துப் பொறித்த கல்துண்டுகள் சில கிடைத்தன. அவற்றுள் நான்கு 1905-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன; மேலும் சில பின்னர் அவற்றோடு சேர்க்கப்பட்டன. கிளவுதியுஸ் பேரரசன் அனுப்பிய கடிதம் ஒன்று அவற்றில் வெட்டப்பட்டிருந்தது. டெல்பியில் குடிசனம் குறைந்துவிட்டதால் புதியவர்களைக் குடியேற்ற வேண்டும் என்பதே அதன் பொருள். ஞானக் காரியம் எதுவுமில்லை. ஆனால் இந்நிலையைத் தனக்கு அறிவித்தவன் தன் நண்பனும் ஆளுநனுமான கல்லியோ என்று மன்னன் அதிலே குறிப்பிடுகிறான்.

கடிதத்தின் ஆண்டு எப்படித் தெரிந்தது? உரோமைப் படை வெற்றி பெறும்போதெல்லாம் பேரரசனை வெற்றித் தலைவன் என்று வாழ்த்துவது வழக்கம். இது எத்தனையாவது வாழ்த்து என்பதை அரசன் தன் பட்டங்களோடு சேர்த்து எழுதுவான். டெல்பிக் கல்லில் 26 என்று உண்டு. உரோமையில் கிளவுதியுஸ் கட்டிய நீர்வழியின் வளைவிலே 27 என்று உண்டு. அந்த நீர்வழி 52-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆகவே டெல்பிக் கடிதம் அதற்கு முந்தியது. 52-ஆம் ஆண்டின் முற்பகுதி என்பதே பெரும்பாலோர் கணிப்பு. ஆளுநர் பதவி வழக்கமாக ஓராண்டு. எனவே சின்னப்பர் கல்லியோ முன் நின்றது 51-ஆம் ஆண்டிலோ, 52-ஆம் ஆண்டிலோதான். அவர் கொரிந்துக்கு வந்தது ஏறக்குறைய 50-ஆம் ஆண்டில்.

இந்த ஒரு முளையை அடித்துவிட்டால் மற்றவற்றை அதிலே கட்டலாம். கொரிந்தில் இருந்தபோதுதான் அவர் தெசலோனிக்கருக்கு முதல் திருமுகத்தை எழுதினார். புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய நூல் அதுவே என்பர் பெரும்பாலான அறிஞர். பின்னர் எபேசு நகரிலிருந்து கொரிந்தியருக்கு எழுதினார். அது 50-களின் நடுப்பகுதி. அதன் 15-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிறிஸ்து எங்கள் பாவங்களுக்காக மரித்தார், அடக்கஞ் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பதைத் தாமும் பிறரிடம் பெற்றே முன்பு அவர்களுக்குக் கையளித்ததாகச் சொல்கிறார். முன்பு என்றால் அந்த 50-ஆம் ஆண்டளவில். உயிர்த்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். கல்வாரிக்கும் இத்திருமுகத்துக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளல்ல, கால் நூற்றாண்டு மட்டுமே.

நற்செய்தி நூல்கள் இதற்குப் பின் வந்தவை. மாற்கு 70-ஆம் ஆண்டை ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அதற்குச் சில ஆண்டுகள் பின்னும், அருளப்பர் நூற்றாண்டின் முடிவிலும் என்பது பொதுவான கணிப்பு. முதலில் ஆண்டவரின் சொல்லும் செயலும், பின் அப்போஸ்தலரின் பிரசங்கம், அதன்பின் எழுத்து என்ற மூன்று படிகளைத் திருச்சபையின் வேதாகம ஆணைக்குழுவே 1964-இல் விளக்கியிருக்கிறது. இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தாரும் மிகைப்படுத்தக் கூடாது. மான்செஸ்டரில் அருளப்பர் நற்செய்தியின் சிறு பப்பிருசுத் துண்டு ஒன்று இருக்கிறது. பிலாத்துவின் முன் நடந்த விசாரணை அதிலே உண்டு. அது 125-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று மேடைகளில் அடித்துச் சொல்வதுண்டு. அந்த ஆண்டு எழுத்தின் வடிவத்தைக் கொண்டு கணித்தது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியாகவும் இருக்கலாம், அதற்குப் பிந்தியும் இருக்கலாம் என்று இந்நாளைய அறிஞர் சிலர் எச்சரிக்கிறார்கள். டெல்பிக் கல்லும் உயிர்ப்பை எண்பிக்காது. கல்லியோ எப்போது ஆண்டான் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பிள்ளைக்கு இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சின்னப்பரின் திருமுகங்கள் வேதாகமத்தில் பெரும்பாலும் நீளத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, காலத்தின்படி அல்ல. அதனால்தான் உரோமையர் திருமுகம் முன்னும், அதற்கு மூத்த தெசலோனிக்கர் திருமுகம் வெகு பின்னும் நிற்கின்றன. ஐந்தே சிறு அதிகாரங்கள். இரவுச் செபத்துக்குப் பின் ஒரே அமர்வில் பிள்ளையைக் கொண்டே வாசிப்பிக்கலாம்.