பழைய மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் தேர்தல்

உப்பு விற்கச் செல்லும் உமணர் தம் வண்டியின் கீழே சேம அச்சொன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஒளவையார் புறநானூற்றிலே உவமையாக எடுத்தாளுகின்றார். மேடும் பள்ளமும் எதிர்ப்படுமுன் ஆயத்தஞ் செய்தல் வண்டியுடையார் கடன் என்பது அதனாற் பெறப்படும். மாற்றுறுப்புக் கிடைத்தற்கரிய பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருக்கும் நம்மவர்க்கு அத்தகைய ஆயத்தம், தக்க எண்ணெயைத் தேர்ந்து வார்த்தலேயாம். அதனை இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்தாருக்கும் பழைய பிரித்தானிய வண்டிகளுக்கும் உள்ள உறவு நெடியது. 1990களில் எரிபொருட்டடை நிலவிய காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடி ஆளையும் பொருளையும் சுமந்தவை ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள். 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோதும் உள்ளதைப் பேணுதலே வழியாயிற்று. தீவகத்தில் இக்கடன் இன்னும் பெரிது. ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ கியர்ப் பெட்டி பழுதுற்றால், தாம்போதி கடந்து பட்டினத்துக்கு வண்டியை இழுத்துச் செல்லல் வேண்டும். நெடுந்தீவாயின் கடலையே கடத்தல் வேண்டும்.

எம்மிடமும் மொறிஸ் மைனர் 1000 ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் வாங்கச் சென்றோம். “ஜி.எல். நாலிலும் பார்க்க ஜி.எல். ஐந்து திறம், மாஸ்ரர், விலைதான் கொஞ்சம் கூட” என்றார் கடைக்காரர். புள்ளி வழங்கிப் பழகிய எமக்கும் ஐந்து நான்கினும் உயர்ந்ததாகவே தோன்றிற்று. 90ஆம் இலக்கத்து ஜி.எல். 5 எண்ணெயை வாங்கி வார்த்தோம். ஓராண்டு செல்லுமுன், வேலணைச் சந்தியிலே திரும்புதற்கு மூன்றாங் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்குந்தோறும் பற்கள் கறகறவென்று அரைபடலாயின. இஃது ஏன் நிகழ்ந்தது?

முதலாவது, பெட்டியினுள்ளே நிகழ்வதை அறிதல் வேண்டும். கியரை மாற்றும்போது வெவ்வேறு விரைவிற் சுழலும் பற்சில்லும் தண்டும் ஒரே விரைவுக்கு வரல் வேண்டும். அதனைச் செய்வது செப்புக் கலவையாலாய சிறு வளையம். கராச்சிலே இதனைச் சிங்குறோ வளையம் என்பர். இவ்வளையம் கூம்பொன்றை இறுகப் பற்றி உராய்ந்தே விரைவை ஒப்பாக்கும். ஆகவே, அப்பெட்டியின் எண்ணெய்க்குத் தொழில் இரண்டு: பற்களிடையே உராய்வைக் குறைத்தல் ஒன்று, வளையத்துக்கு வேண்டும் உராய்வைக் கெடாது விடுதல் மற்றொன்று.

பின்னச்சின் இயல்பு வேறு. 1926இல் பக்காட் காரில் இடம்பெற்றுப் பின் எங்கும் பரவிய ஹைப்போயிட் பற்சில்லுகள், பேரழுத்தத்துடன் ஒன்றன்மேலொன்று சறுக்குவன. அங்கே வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துபோம். ஆதலின் கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்க்கைகளை எண்ணெயிற் கலப்பர். அவை சூட்டிலே உருக்கின் மேற்பரப்போடு வினைப்பட்டுக் காப்புப் படலம் ஒன்றை ஆக்கும். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் பகுப்பில் ஜி.எல். 5 என்பது இத்தொழிலுக்குரியது; ஜி.எல். 4இற் கலக்கும் சேர்க்கையினும் ஏறத்தாழ இருமடங்கு அதிலுண்டு. அச்சிலே நன்மை செய்யும் அச்சேர்க்கை, சிங்குறோ வளையத்தை வழுக்கச் செய்யும். மிகுசூட்டிலே செப்புக் கலவையை அரிக்கவுங் கூடும். எனவே நான்கும் ஐந்தும் தரவரிசை அல்ல; தொழிற்பெயர்கள் என்க. செப்புக் கலவைக்குத் தீங்கிழையாதவாறு செய்த ஜி.எல். 5 எண்ணெய்களும் உள. அவ்வாறென்று தயாரித்தவரே எழுதியிருந்தாலன்றி அவற்றை நம்பலாகாது.

இனி, தடிப்பைக் குறிக்கும் இலக்கத்தை நோக்குவாம். எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் அளவுகோல் வேறு. கியர் எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 30இலும் மும்மடங்கு தடிப்பென மயங்கற்க. 100 பாகை செல்சியசில் கியர் 90இன் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக் வரை. எஞ்சின் 40, 50 ஆகிய இரண்டும் சேர்ந்து 12.5 முதல் 21.9 வரை. ஆகவே 90 இவ்விரண்டுக்கும் நிகராகும். எஞ்சின் 30 கியர் 80, 85 என்பவற்றுக்கு அண்மையது. இதனால், எமது வண்டியைக் கெடுத்தது தடிப்பன்று, சேர்க்கையே என்பது தெளிவாம்.

மொறிஸ் மைனர் 1000இன் கைந்நூல் கியர்ப் பெட்டிக்கு விதித்தது எஞ்சின் எண்ணெயே. 90ஆம் இலக்க ஹைப்போயிட் எண்ணெய் பின்னச்சுக்கே உரியது. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டுக் கார், மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உறவானவற்றையே கொண்டது, அதற்கும் இவ்விதியே. இக்காலத்தில் 30ஆம் இலக்கத்து எஞ்சின் எண்ணெயோ 20டபிள்யூ-50 கனிய எண்ணெயோ இவற்றுக்குப் பொருந்தும். ட்ரையம்ப் ஸ்பிற்பயர் முதலியவற்றின் பெட்டிகளோ கியர் எண்ணெயையே வேண்டுவன, அவற்றுக்கு ஜி.எல். 4 வார்த்தல் நன்று. ஒரு வண்டிக்கு விதித்ததை மற்றொன்றுக்கு ஏற்றலாகாது, கைந்நூலே பிரமாணம்.

தீவகத்தார்க்குச் சில சொல்வாம். கடுங்குளிரில் இறுகாதிருத்தற்கென மெல்லிதாக்கிய எண்ணெய் நமக்கு வேண்டியதன்று. மழைவெள்ளத்திலோ கடல்நீர் ஏறிய வழியிலோ வண்டி சென்றிருந்தால் பெட்டியின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்க. பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்ததென அறிந்து உடனே மாற்றுக. வடித்த எண்ணெயில் மஞ்சட் பொடி மின்னுமாயின் வளையம் தேய்கின்றது. உருக்குத் துணுக்கு வருமாயின் பற்சில்லையே ஐயுறல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நிரப்புந் துளையின் மட்டம் வரையே வார்க்க. மிகையாக வார்த்தால் எண்ணெய் கசிந்து கிளச்சினைக் கெடுக்கும்.

எமது வண்டியின் பெட்டியை வடித்துக் கைந்நூலிற் கண்டவாறே எஞ்சின் எண்ணெய் வார்த்தோம். சில கிழமைகளில் அரைபடும் ஓசை பெரிதுங் குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. தேய்ந்த வளையத்தை எண்ணெய் வளர்ப்பதில்லை. இன்றும் இரண்டாங் கியருக்கு இறக்கும்போது சற்றுத் தாமதித்தே கோலை நகர்த்துகின்றோம். கூடிய விலையும் கூடிய இலக்கமும் கண்டு வாங்கிய நாளை அக்கோலே நாடோறும் நினைவூட்டுகின்றது. பழைய வண்டியைத் தந்தையாரிடமிருந்து பெற்ற அன்பர்கள், கடைக்குச் செல்லுமுன் கைந்நூலைத் திறப்பாராக.