எல்.எஸ்.டி. டிஃபரென்ஷியல்: தேர்வும் ரன்னிங்-இன்னும் – முக்கியக் குறிப்புகள்

(பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் முடித்து, மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்குத் தயாராகும் துவாக்குடி, திருவெறும்பூர் வட்டார மாணவர்களுக்கு)

அ. அடிப்படை

• வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அந்த வேக வேறுபாட்டை அனுமதிப்பதே டிஃபரென்ஷியலின் வேலை.

• சூத்திரம் 1: கிரௌன் வீல் வேகம் = (இடச்சக்கர வேகம் + வலச்சக்கர வேகம்) ÷ 2. ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது கிரௌன் வீலைப்போல் இருமடங்கு வேகத்தில் சுழலும்.

• சாதாரண டிஃபரென்ஷியல் வேகத்தை வேறுபடுத்தும். முறுக்குவிசையை (டார்க்) சமமாகவே பிரிக்கும். அதனால்தான் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப டார்க்தான் கிடைக்கிறது.

• இந்த வழுக்கலுக்கு வரம்பு கட்டுவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி.

ஆ. ஆண்டுகள்

• 1827 – பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர், நீராவி வண்டிக்கான டிஃபரென்ஷியலுக்குக் காப்புரிமை.
• 1935 – ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் பின்சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் எல்.எஸ்.டி. வடிவமைக்கச் சொன்னார்.
• 1956 – அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் 'ட்வின் டிராக்ஷன்' என்ற பெயரில் வந்தது.
• 1958 – வெர்னன் கிளீஸ்மன், டோர்சன் எனப்படும் கியர் வகைக்குக் காப்புரிமை.

இ. வகைகள்

1. கிளட்ச் பிளேட் வகை: உராய்வுத் தட்டுகள் உண்டு, தேயும். முன்அழுத்தம் (பிரீலோட்) வைக்கலாம்.
2. ஹெலிக்கல் கியர் வகை (டோர்சன், குவைஃப்): உராய்வுத் தட்டுகளை நம்பி இயங்குவதில்லை, பராமரிப்பு குறைவு.
3. விஸ்கஸ் வகை: சிலிக்கோன் திரவம், சக்கர வேகம் வேறுபட்ட பிறகே வேலை செய்யும்.
4. மின்னணுக் கட்டுப்பாட்டு வகை: கணினி சொல்லும் அளவுக்கு கிளட்ச் அழுத்தும்.

• இந்திய உதாரணங்கள்: 2020-இல் 200 கார்கள் மட்டும் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 (முன்சக்கர ஓட்டம்). சென்னை ஆலையில் 2021 முதல் தயாராகும் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ (பின் ஆக்சிலில்). இரண்டுமே 4-ஆம் வகை.

• குழப்பிக்கொள்ள வேண்டாம்: மஹிந்திரா தாரில் வரும் எம்.எல்.டி. என்பது லாக்கர், எல்.எஸ்.டி. அல்ல. லாக்கர் இரு சக்கரங்களையும் முழுதாகப் பூட்டும். எல்.எஸ்.டி. ஓரளவுக்கே கட்டும்.

ஈ. தேர்ந்தெடுக்கும் கணக்கு

• டி.பி.ஆர். என்பது டார்க் பகிர்வு விகிதம்: பிடிப்புள்ள சக்கரம் பெறக்கூடிய டார்க் ÷ வழுக்கும் சக்கரம் தாங்கும் டார்க்.

• சூத்திரம் 2: லாக்கிங் சதவீதம் = (டி.பி.ஆர். – 1) ÷ (டி.பி.ஆர். + 1) × 100.

• கணக்கு: வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்குகிறது, டி.பி.ஆர். 2.5. மறு சக்கரம் 250 வரை பெறும், மொத்தம் 350. சாதாரண டிஃபரென்ஷியலில் மொத்தமே 200. லாக்கிங் சுமார் 43%.

• பொறி: ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்? 2.5 × 0 = 0. கியர் வகை இங்கே கைவிடும். பிரேக்கை லேசாக மிதித்தால் மீளும். பிரீலோட் உள்ள பிளேட் வகை கொஞ்சமாவது இழுக்கும்.

• பிளேட் வகையில் மூன்று அமைப்புகள். 1-வே: ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பூட்டும். 2-வே: மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு பூட்டும். 1.5-வே: விடும்போது குறைவாகப் பூட்டும்.

• வழக்கமான அளவீட்டில், ராம்ப் கோணம் (பிளேட் வகையில் தட்டுகளை அழுத்தும் சரிவின் கோணம்) குறைந்தால் பூட்டும் வலு கூடும் (30° வலுவானது, 80° மென்மையானது).

• முடிவு: தினமும் ஓடும் முன்சக்கர ஓட்டக் காருக்கு ஹெலிக்கல். பந்தயத் தளத்தில் ஓடும் பின்சக்கர ஓட்டக் காருக்கு 1.5-வே பிளேட். டிரிஃப்டுக்கு 2-வே.

உ. எட்டு போடுவதும் எல்.எஸ்.டி.யும்

• துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் கட்டும் ஃபார்முலா கார்களுக்கு, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. அதில் ஸ்கிட்பேட் என்பது 8 வடிவத் தடம்: வட்டத்தின் உள்விட்டம் 15.25 மீ., தடத்தின் அகலம் 3 மீ.

• கணக்கு: தடத்தின் நடுக்கோட்டு ஆரம் 9.125 மீ.; இரு சக்கரங்களுக்கு இடைவெளி 1.2 மீ. எனில் வெளிச்சக்கர ஆரம் 9.725, உட்சக்கர ஆரம் 8.525. வெளிச்சக்கரம் சுமார் 14% வேகமாகச் சுழல வேண்டும். பிரீலோட் மிகுந்தால் கார் திரும்ப மறுத்து நேரே தள்ளும்.

ஊ. ரன்னிங்-இன்: பிளேட் வகை

1. மாட்டும் முன் தட்டுகளை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்.
2. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயே ஊற்ற வேண்டும். பெரும்பாலும் ஜி.எல்.-5 தரம், உராய்வு மாற்றி கலந்தது. உராய்வு மாற்றி மிகுந்தால் பூட்டு தளரும். குறைந்தால் வளைவில் கடகடக்கும்.
3. காலி மைதானத்தில் முதல் கியரில், மெதுவாக எட்டு போட வேண்டும். இரு பக்கமும் சம அளவு. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து மிதித்து விட வேண்டும். தட்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து சமமாகப் பொருந்துவதற்கே இது.
4. ஆறவிட்டு மறுபடி ஓட்டி, எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும்.
5. காந்த டிரெயின் பிளக்கைப் பார்க்கவும்: சாம்பல் நிறக் குழைவு இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில் இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

• ஹெலிக்கல் வகைக்கு எட்டு தேவையில்லை. ஆனால் கிரௌன், பினியன் புதிதாக மாட்டியிருந்தால் எந்த வகைக்கும் முதல் ஓட்டம் 15–20 நிமிடம் மென்மையாக, பிறகு முழுதாக ஆறவிட வேண்டும். சுமார் 800 கி.மீ. வரை பாரம் இழுக்கக் கூடாது. அதன்பின் எண்ணெய் மாற்ற வேண்டும்.

எ. பாதுகாப்பும் சட்டமும்

• எல்.எஸ்.டி. உள்ள ஆக்சிலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரில் எஞ்சினை ஓட்டக் கூடாது. தரையிலுள்ள சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.
• ஒரே ஆக்சிலில் இரு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும்.
• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: வாகன மாற்றங்கள் பற்றியது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறான மாற்றம் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏ. மாதிரி வினாக்கள்

1. டி.பி.ஆர். 3 எனில் லாக்கிங் எவ்வளவு? – 50%
2. வேகம் வேறுபட்ட பிறகே வேலை செய்யும் வகை? – விஸ்கஸ்
3. எட்டு போட்டு ரன்னிங்-இன் செய்ய வேண்டிய வகை? – கிளட்ச் பிளேட்

தேர்வருக்கு ஒரு சொல்: வினாவைப் பார்த்ததும் 'உராய்வுத் தட்டு உண்டா, இல்லையா' என்று முதலில் கேளுங்கள். எண்ணெய், ரன்னிங்-இன், பராமரிப்பு மூன்றுக்கும் விடை அதிலிருந்தே வரும்.